குகை வாசலில் நாலு கொடி

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
7 ஜூன் 2025

அன்புத் தம்பி கவினுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். மழை ஆரம்பித்ததும் இழுப்பு கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். உன் வயிறு எப்படி இருக்கிறது? தண்ணீர் மாறினாலே உனக்கு மூன்று நாள் படுக்கை. காய்ச்சிக் குடி.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நாம் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். போன வாரம் நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு கிளிஃபர்ட் அங்கிள் மாடிப்படி ஏறி வந்து, "என்ன மேன் தமயந்தி, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார். வீட்டுக்காரரான அவர் கோபித்துக்கொண்டால் இந்த வாடகைக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் எலிப்பொந்துகூடக் கிடைக்காது. உனக்கும் அந்தக் குன்றில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல். அதனால் இனி அவசரத்துக்கு மட்டும் போன். மற்றதெல்லாம் கடிதம். கடிதத்தில் கத்தினால் யாருக்கும் கேட்காது.

உன் வேலை இரண்டே இரண்டு. நேரளேகல் குன்றின் குகையிலிருந்து இலைமூக்கு வௌவால்கள் அந்தியில் வெளியே வரும்போது எண்ணுவது ஒன்று. குகை வாசலில் நான் எண் எழுதிய அலுமினிய டேக் கட்டிவிட்டு வந்த நாலு கொடிகளைப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இப்போது அவை உண்ணிச்செடிப் புதரில் சுற்றிய வெறும் பச்சைத் தண்டாகத்தான் தெரியும். ஆவணியில் சின்ன விளக்கு மாதிரிப் பூக்கும். போன வருஷம் நான்தான் முதலில் பார்த்தேன். விளக்குக்கொடி என்று பேர் வைத்ததும் நான்தான். எந்தப் புத்தகத்திலும் அதோடு சரியாகப் பொருந்துகிற படம் இல்லை. நான் பெற்ற பிள்ளை என்று வைத்துக்கொள்.

மூன்று வேலையை விட்டவனை எப்படி நம்புவது என்று எங்கள் அறக்கட்டளைத் தலைவர் ஸ்ரீகண்டன் சார் கேட்டார். "என் தம்பிக்கு நான் பொறுப்பு சார்" என்று சொல்லித்தான் இந்த வேலையை உனக்கு வாங்கியிருக்கிறேன். உன்னை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சரி, மிரட்டத்தான் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. பதில் எழுது.

அக்கா
தமயந்தி


நேரளேகல்
18 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கவின் எழுதுவது. வயிறு இதுவரை சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் இழுப்புக்கு ஆவி பிடித்தாயா?

மூடிப்போன கல் குவாரியின் ஆபீஸ் அறைதான் என் வீடு. கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மதியத்தில் உள்ளே உட்கார்ந்தால் அப்பளம் பொரிவதுபோல் பொரிகிறேன். நீங்கள் எனக்குத் துணையாகப் போட்ட இராஜமாணிக்கம் அண்ணன் முன்னால் இதே குவாரியில் கல் உடைத்தவராம். ஓசூரை ஒட்டின அத்திபெலே பக்கத்து ஆள். ஊரில் என்னோடு தமிழ் பேச அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தெலுங்கும் கன்னடமும். தமிழ்ப் பேப்பரைக் கண்ணால் பார்த்தே பத்து நாளாகிறது. செடியைத் தாளுக்கு நடுவில் அமுக்கிக் காயவைக்க நீ கேட்ட பழைய பேப்பருக்கு டீக்கடையில் ஒரு கட்டு கன்னடப் பேப்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.

நேற்றுக் கணக்கு அறுபத்தொன்று. அக்கா, இவற்றின் முகத்தைப் பார்த்திருக்கிறாயா? மூக்கின் மேல் ஒரு இலையை ஒட்டிக்கொண்டு, காதை விறைத்துக்கொண்டு, யாரோ திட்டிவிட்டதுபோல் பார்க்கின்றன. முதல் நாள் பயமாக இருந்தது. இப்போது ஆறரை மணி ஆகிவிட்டால் எங்கே காணோம் என்று மனசு தேடுகிறது. அடுகோடி சர்வீஸ் சென்டரில் நாளைக்கு எண்பது பேரிடம் திட்டு வாங்கினேன். இங்கே யாரும் என்னைத் திட்டுவதில்லை. இந்த வேலையை விடமாட்டேன் அக்கா.

உன் நாலு பிள்ளைகளும் இருக்கிறார்கள். டேக் இருந்ததால் கண்டுபிடித்தேன். இல்லாவிட்டால் அதற்கும் காட்டுப்புல்லுக்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. போட்டோ எடுக்க முடியவில்லை. போன் பாறையில் விழுந்து கேமராக் கண்ணாடி போய்விட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
கவின்


ரிச்சர்ட்ஸ் டவுன்
1 ஜூலை 2025

அன்புள்ள கவின்,

சுகம்தானே? ஆவி பிடித்தேன். உன் வயிறு நல்ல பிள்ளையாக இருப்பதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

இங்கே எனக்குத் தலைவலி. அடுத்த இரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு உயிருக்குத்தான் பாதுகாப்புத் திட்டம் எழுத முடியுமாம். வௌவாலா, கொடியா என்று அக்டோபர் 28 கூட்டத்தில் முடிவு செய்வார்கள். இரண்டையும் ஒப்பிட்டு அட்டவணை போட வேண்டியது நான். ஸ்ரீகண்டன் சார் வகைப்பாடு எல்லா வரிசையும் வேண்டும் என்கிறார். உலகம் என்ற முதல் வரியிலேயே ஒன்று தாவரம், மற்றது விலங்கு. சம்பந்தமே அறுந்துவிட்டது. அதற்குக் கீழே எதை ஒப்பிடுவது? ஆனாலும் போட்டேன். உன் வௌவால் பாலூட்டி வகுப்பு, கைச்சிறகு வரிசை. என் கொடி பூக்கும் தாவரம், இருவித்திலை, எருக்கும் அரளியும் இருக்கிற குடும்பம். வௌவால் பூச்சியைத் தின்கிறது. கொடியின் பூ பூச்சியை ஒரு ராத்திரி உள்ளே அடைத்துவைத்து, மகரந்தம் பூசி மறுநாள் விட்டுவிடுகிறது. யார் மரியாதை தெரிந்தவர் என்று நீயே சொல்.

கடைசி வரி, அழிவு நிலை. அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வௌவாலுக்கு நேராக 'அழிவின் விளிம்பில்' என்று சிவப்பு எழுத்து. கொடிக்கு நேராக 'மதிப்பிடப்படவில்லை'. நாலே நாலு செடி இருக்கிறது கவின்! யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதற்காக அதற்கு ஆபத்தே இல்லை என்று ஆகிவிடுமா? கூட்டத்தில் அந்த வரியைப் பார்த்தவுடன் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

பூவோடு ஒரு கொம்பு, பறித்த தேதி, இடம், எல்லாம் சரியாகக் காய்ந்து என் கைக்கு வந்தால் கொடியை அதே தட்டில் நிறுத்திவிடுவேன். பூத்த அன்றே ஒரே ஒரு கொம்பு வெட்டு. வேரைத் தொடாதே. கோலார் பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் டின் ஃபேக்டரி ஸ்டாப்பில் வாங்கிக்கொள்வேன்.

இதை நான் ஜெயிக்க வேண்டும். இந்த ஆபீஸில் ஒன்பது வருஷமாக அடுத்தவர் கண்டுபிடித்ததற்கு அட்டவணை போடுகிறேன்.

அக்கா
தமயந்தி


நேரளேகல்
21 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

நலம். மூன்று வாரம் பதில் போடாததற்குத் திட்டாதே. கையெல்லாம் கொப்புளம்.

ஸ்ரீகண்டன் சார் 15ஆம் தேதி நேரில் வந்தார். குகை வாசலில் உண்ணிச்செடி மண்டிப்போய் வௌவால் பறக்கவே வழியில்லை, வேரோடு எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் இராஜமாணிக்கம் அண்ணனும் ஊர் ஆட்கள் இரண்டு பேருமாக மூன்று நாள் கடப்பாரையோடு மல்லுக்கு நின்றோம். வெட்டினால் மறுபடியும் துளிர்க்குமாம், அதனால் பிடுங்கிக் குவித்துக் கொளுத்தினோம். கடைசி நாள் கொலைப்பசி. அண்ணன் தணலில் ஏதோ கிழங்கைச் சுட்டு ஆளுக்கு இரண்டு கொடுத்தார். அவ்வளவு ருசி! உப்புகூடத் தேவைப்படவில்லை. எந்த வேலையையும் முழுசாக முடித்தவன் என்று எனக்கு இதுவரை பேர் இல்லை. நேற்று அந்த வாசலைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

முந்தாநாள் கணக்கு அறுபத்து நாலு. இதுவரை அதுதான் அதிகம். அட்டவணையில் போட்டுக்கொள்.

தம்பி
கவின்


ரிச்சர்ட்ஸ் டவுன்
25 ஜூலை 2025

கவின்,

சுகம் விசாரிக்கப் பொறுமையில்லை. உன் கடிதம் இப்போதுதான் வந்தது.

என் நாலு கொடியும் அந்த உண்ணிப்புதரில்தான் சுற்றியிருந்தன. வெட்டுவதற்கு முன்னால் டேக்கைப் பார்த்து ஒதுக்கினீர்கள்தானே? உன் கடிதத்தில் வௌவால் இருக்கிறது, கொப்புளம் இருக்கிறது, நீ தின்ற சர்க்கரைவள்ளிகூட இருக்கிறது. கொடி இல்லை. மறந்திருப்பாய். ஒரே வரி எழுது, போதும். போன் போட்டேன், எடுக்கவில்லை. தொட்டி மேல் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்த மனசு ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறது. ஆபீஸில் கொடிக்கான படிவத்தை மூன்று தடவை திறந்து மூடினேன்.

கிழங்கு உன் வயிற்றுக்கு ஆகாது. வாயு.

தமயந்தி


நேரளேகல்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

நலம். உன் இழுப்பு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நல்ல மழை. பாதை வழுக்குவதால் தபால் பெட்டி வரை போக முடியவில்லை.

கொடி நன்றாக இருக்கிறது. ஆகஸ்ட் 14 அன்று பூத்தது. கொம்பு வெட்டி அமுக்கி வைத்திருக்கிறேன். காய்ந்ததும் அனுப்புகிறேன்.

புதர் போனபின் குகைக்கு எதிர்ப் பாறையில் ஒரு ஆந்தை வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்று ஐம்பத்தேழுதான் எண்ணினேன். நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. புதர் இருந்தபோது அவை எப்படியோ நுழைந்து நுழைந்து போய்க்கொண்டுதான் இருந்தன. அந்த ஆந்தையைக் கல்லெறிந்து விரட்டப் போனேன். இராஜமாணிக்கம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தினியத்தான் வெரட்டுவ, வுடு தம்பி" என்றார்.

சாப்பாடு சரியாக இறங்குவதில்லை. வேறு ஒன்றுமில்லை.

கவின்


ரிச்சர்ட்ஸ் டவுன்
15 செப்டம்பர் 2025

என் தங்கத் தம்பிக்கு,

சுகமா? நான் பரம சுகம். இழுப்பு போன இடம் தெரியவில்லை.

கட்டு வந்து சேர்ந்தது! டின் ஃபேக்டரி ஸ்டாப்பில் அந்த நெரிசலில் நின்றே ஒரு முனையைப் பிரித்துப் பார்த்தேன். நாலு பூ, ஒன்றில்கூட இதழ் உடையவில்லை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது அழுகை வந்துவிட்டது. கிளிஃபர்ட் அங்கிள் வாசலிலேயே மறித்து, "மறுபடியும் காஞ்ச புல்லா மேன்?" என்றார். இந்தப் புல் வௌவாலோடு சரிசமமாக உட்காரப் போகிறது அங்கிள் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, மகன் டென்சில் அனுப்பிய கேக்கில் ஒரு துண்டு கொடுத்தார்.

நேற்றே உட்கார்ந்து படிவத்தின் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன், ஒன்றையும் விடவில்லை. இன்று காலை ஸ்ரீகண்டன் சார் மேஜையில் வைத்தாயிற்று. உன்னைப் பற்றி ஒரு மாதமாக என்னென்னவோ நினைத்தேன். அதற்கெல்லாம் மன்னித்துக்கொள். அம்மாவுக்குப் போன் போட்டு, உன் பையன் உருப்பட்டுவிட்டான் என்று சொன்னேன்.

நாளை லீவு போட்டுவிட்டு, கொம்பை அட்டையில் வைத்துத் தைக்கப் போகிறேன். வேறு யாரையும் தொடவிடமாட்டேன்.

ஏன் சாப்பாடு இறங்கவில்லை? மோரில் சீரகம் போட்டுக் குடி.

அன்பு அக்கா
தமயந்தி


ரிச்சர்ட்ஸ் டவுன்
17 செப்டம்பர் 2025

கவின்,

முந்தாநாள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வேண்டாம். இதற்கு வேண்டும்.

நேற்று கொம்பைத் தைப்பதற்காகத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். பச்சையாக முதலில் வைத்த தாளில்தான் பூவின் சாறு இறங்கிக் கறை படியும். காய்ந்தபின் மாற்றிய தாளில் படியாது. நீ சோம்பேறி, முதல் தாளை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறாய். நாலு பூவும் அதில் அச்சாகப் பதிந்திருக்கின்றன. அது தமிழ்ப் பேப்பர். ஓசூர்ப் பதிப்பு. தேதி செப்டம்பர் 6.

ஆகஸ்ட் 14இல் பறித்த பூ, இன்னும் அச்சாகாத பேப்பரில் எப்படிச் சாறு விட்டது? தமிழ்ப் பேப்பரே கிடைக்காத ஊருக்கு அது எங்கிருந்து வந்தது?

மூன்று தடவை போன் போட்டேன். உன் மேல் பழி போட எனக்கு ஆசையில்லை. ஏதோ ஒரு காரணம் இருக்கும், நான் யோசிக்காத காரணம். அதைச் சொல்.

தமயந்தி


நேரளேகல்
12 அக்டோபர் 2025

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதர் வெட்டிய முதல் நாள் காலை நாலு டேக்கையும் பார்த்து வைத்தேன். சத்தியம். வெட்டி இழுக்க ஆரம்பித்ததும் எல்லாம் ஒன்றாகச் சுருண்டுகொண்டு எது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. இருக்கும், ஓரத்தில் எங்கேயாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வெட்டினேன். முடிக்க வேண்டும் என்ற வெறி. உனக்குப் பெருமையாகக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்து சாம்பலைக் கிளறினால், உன் டேக் ஒன்று கிடைத்தது. மீதி மூன்றும் சாயங்காலத்துக்குள் கிடைத்தன. கறுத்துப்போயிருந்தாலும் உன் கையெழுத்து தெரிந்தது.

கொடியின் கிழங்காவது மண்ணில் இருக்கும், மழைக்குத் துளிர்க்கும் என்று இராஜமாணிக்கம் அண்ணனிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, நாம சுட்டுத் துன்னது அதாம்பா. கடப்பாரயில வந்துதே, எங்க ஊர்ல பசங்க துன்னுறதுதானேன்னு சுட்டேன்" என்றார். அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். நான் அதைத் தின்றேன் அக்கா. ருசி என்று உனக்கே எழுதினேன்.

'என் தம்பிக்கு நான் பொறுப்பு' என்று நீ சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பூத்தது என்று முதலில் பொய் எழுதினேன். பொய் எழுதியபின் ஒரு பூ வேண்டியிருந்தது. நீ பார்த்தது வேறு இடத்துப் பூ. அது போதும், அதற்கு மேல் கேட்காதே. இதில் அண்ணன் பேர் வரக்கூடாது, அவர் என் மேல் இரக்கப்பட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

சாரிடம் நீயே சொல்லிவிடு. நான் போகிறேன் என்றால் போகிறேன்.

கவின்


ரிச்சர்ட்ஸ் டவுன்
15 அக்டோபர் 2025

முட்டாளே,

தின்றதைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்தப் பூவை எங்கே பறித்தாய்?

உலகத்திலேயே நாலு செடிதான் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாலும் உன் வயிற்றுக்குள் போய்விட்டன என்றால் இந்தப் பூ எதில் பூத்தது? அங்கே எத்தனை இருக்கின்றன? வேரோடு பிடுங்கினாயா, கொம்பு மட்டுமா? உன் மானம், அண்ணன் மானம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வை. தொட்டி மேல் ஏறிப் போனை எடு. எடுக்கமாட்டாய் என்று தெரியும். அதனால்தான் ஸ்பீடு போஸ்ட்.

த.


நேரளேகல்
20 அக்டோபர் 2025

அக்கா,

அத்திபெலே. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போனால் ஒரு லாரி ஷெட். அதன் பின்னால் இடுப்பு உயரப் பாறை. பக்கத்தில்தான் இராஜமாணிக்கம் அண்ணனின் சின்னம்மா யசோதா வீடு. நான் சோறு இறங்காமல் திரிவதைப் பார்த்துவிட்டு அண்ணன்தான் கூட்டிப்போனார். பூத்தது ஒன்றுதான். அதில் ஒரு கொம்பு மட்டும் வெட்டினேன். வேரைத் தொடவில்லை. தாள் அந்த அம்மா அலமாரியில் விரித்திருந்தது. வேறு செடிகள் இருந்தனவா என்று நான் பார்க்கவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஓடி வந்துவிட்டேன்.

அப்போதே உனக்குச் சொல்லியிருக்கலாம் என்று தெரியும். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருந்தது.

கணக்கு ஐம்பத்தெட்டு. ஆந்தை இன்னும் இருக்கிறது.

கவின்


ரிச்சர்ட்ஸ் டவுன்
16 நவம்பர் 2025

அன்புள்ள கவின்,

நான் சுகம். நான்கு வாரம் எழுதாமல் இருந்தது மறந்ததால் இல்லை. எழுத உட்கார்ந்தால் எல்லாம் வசவாகவே வந்தது. கிழித்துப்போட்டேன்.

உன் மேல் எனக்கு வெறுப்பு வந்தது உண்மை. தின்றதற்காக இல்லை. பசித்தவன் கையில் சுட்ட கிழங்கைக் கொடுத்தால் தின்னாமல் என்ன செய்வான்? அத்திபெலேயில் அது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தும் ஒரு மாதத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தாய் பார், அதற்காக. உன் பொய் பிழைக்க வேண்டும் என்பதற்காக இருக்கிற செடியை இல்லாததாக்கிவிட்டாய். லாரி ஷெட்காரர் அந்தப் பாறையை உடைத்திருந்தால் யாருக்குமே தெரியாமல் போயிருக்கும்.

இனி என் பங்கு. படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன் என்று குதித்துக்கொண்டு எழுதினேனே, அதில் 'களத்தில் நேரில் சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. குன்றுப் பக்கமே போகாமல் அதில் கையெழுத்துப் போட்டேன். ஜெயிக்க வேண்டும் என்ற அவசரம். ஆகவே உன்னைத் திட்ட எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது. அந்தப் பாதியையும் மேலே பயன்படுத்திவிட்டேன்.

28ஆம் தேதி கூட்டத்தில் உன் பொய், என் கையெழுத்து இரண்டையும் சொன்னேன். அட்டவணையில் கொடியின் இடத்துக்கு நேராக, 'நேரளேகல் குன்றில் இப்போது இல்லை. குகை வாசலைச் சுத்தம் செய்தபோது பிடுங்கப்பட்டது, உண்ணப்பட்டது' என்று எழுதி வாசித்தேன். யாரோ சிரித்தார்கள். ஸ்ரீகண்டன் சார் சிரிக்கவில்லை. புதரை எடுக்கச் சொன்னது அவர்தானே, தலையைக் குனிந்துகொண்டார். திட்டம் வௌவாலுக்குப் போனது. அது நியாயமும்தான். ஐம்பத்தெட்டு என்பது நிறைய இல்லை. ஆந்தை உட்கார முடியாதபடி அந்த வாசலில் மறுபடியும் புதர் வளர்க்கப் போகிறார்களாம், இந்தத் தடவை உள்ளூர்ச் செடி. கொடிக்கு நேராக இன்னமும் 'மதிப்பிடப்படவில்லை'தான். படிவ வேலை என் கையிலிருந்து பக்கத்து மேஜை ஆராவமுதன் கைக்குப் போய்விட்டது. உன் வேலை இந்த மாதம் 30ஆம் தேதியோடு முடிகிறது. உனக்காக நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றியது.

என் தம்பிக்கு நான் பொறுப்பு என்று சொன்னதை உன் தலையில் கல் மாதிரி ஏற்றி வைத்தேன். தப்பு நடந்தால் சொல்ல ஒரு வழி வைக்கவில்லை. அதற்கு எனக்கு வருத்தம் உண்டு கவின்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்திபெலே போனேன். யசோதா அம்மா என்னைப் பாறைக்குக் கூட்டிப்போனார். "நாங்க சின்ன வயசுல இருந்து துன்றதுதாம்மா இது. இதுக்கா இவ்ளோ பேப்பரு, கூட்டம்?" என்று கேட்டு ஒரே சிரிப்பு. முழங்காலில் உட்கார்ந்து கல்லிடுக்கு ஒவ்வொன்றாகத் தேடினேன். மூன்று இருக்கின்றன. ஒன்றில் சாய்வாக வெட்டிய தழும்பு, உன் கத்தி. அதற்குக் கீழே புதுத் தளிர் விட்டிருக்கிறது. ஷெட்காரர் பொங்கல் வரை பாறையைத் தொடமாட்டேன் என்று ஒத்துக்கொண்டார். அதற்குப் பின்னால் என்ன செய்வாரோ, நினைத்தாலே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் யாராவது போய் நின்றால்தான் அவருக்கும் ஞாபகம் இருக்கும், குழந்தைகளும் தோண்டமாட்டார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது, கேட்கவும் கேட்காதே.

இதோடு மூன்று அலுமினிய டேக் வைத்திருக்கிறேன். எண் எழுதவில்லை. அதை நீ எழுது, நீயே கட்டு. முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குன்றிலிருந்து இறங்கியதும் நேரே அத்திபெலே வந்துவிடு, நான் பாறையடியில் இருப்பேன்.

வரும் வழியில் எங்கேயாவது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வா.

அக்கா
தமயந்தி